லால் பகதூர் சாஸ்திரியார்

சாஸ்திரி என்னும் பெயரைக் கேட்டவுடன், வைதிகக் குலமொன்றிற் பிறந்து வடமொழிச் சாத்திரங்களை மரபுவழி ஓதிய ஒருவரையே மனம் எண்ணுகின்றது. இந்தியாவின் இரண்டாவது பிரதம மந்திரியாய் விளங்கிய லால் பகதூர் சாஸ்திரியாருக்கு அப்பெயர் பெற்றோர் இட்டதுமன்று, குலம் தந்ததுமன்று. அது ஒரு கல்லூரி வழங்கிய பட்டம். அக்கல்லூரியோ, அந்நிய அரசாங்கத்தின் நன்கொடையும் வேண்டாம், அங்கீகாரமும் வேண்டாம் என்று உதறிவிட்டு எழுந்த கல்லூரி. அதன் பட்டத்தைக் கொண்டு அரசாங்கத்தில் ஓர் எழுதுவினைஞர் உத்தியோகந்தானும் பெற்றிருக்க முடியாது. அத்தகைய பட்டத்தையே தம் பெயராக வாழ்நாள் முழுதும் தாங்கிய ஒருவரின் வரலாறு, கல்லூரியொன்றின் பெயரால் ஒன்றுகூடும் நமக்கு ஏற்றதென்று கருதியே இதனை எழுதத் துணிந்தேன்.

அவர் பிறந்தது 1904ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 2ஆம் நாள், காசிக்கு அண்மையிலுள்ள முகல்சராய் என்னும் ஊரில். தந்தையார் சாரதா பிரசாத் பள்ளி ஆசிரியராயிருந்து பின்னர் அலகாபாத்தில் வருமானப் பகுதியிற் சிறிய உத்தியோகம் ஏற்றவர். குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன்னரே கொள்ளைநோய்க்கு இரையானார். தாயார் இராம்துலாரி தேவி தம் மக்களுடன் பிறந்தகத்தை அடைந்தார். பாட்டனார் வீட்டிலும் உறவினர் வீட்டிலுமாக வளர்ந்த இளைஞர், காசியில் ஹரிச்சந்திரா உயர்தரப் பாடசாலையிற் கற்றுக்கொண்டிருந்தபோது காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் தோன்றிற்று. 1921ஆம் ஆண்டு, இறுதிப் பரீட்சை நெருங்கிய வேளையில், பள்ளியை விட்டு வெளியேறினார். அப்பொழுது அவருக்கு வயது பதினாறு. படித்து முடித்து உழைத்துத் தருவான் என்று ஒரு விதவைத் தாய் நம்பியிருந்த காலத்தில் இது எளிய செயலன்று.

அவ்வாறு பள்ளிகளைத் துறந்த மாணவருக்காகவே அவ்வாண்டு பெப்ரவரி மாதத்திற் காசி வித்தியாபீடம் தொடங்கப்பெற்றது. சிவபிரசாத் குப்தா பொருள் உதவ, பகவான்தாஸ் கல்விப் பொறுப்பை ஏற்க, காந்தியடிகளே அதனைத் திறந்துவைத்தார். அங்கே மெய்யியலும் ஒழுக்கவியலும் கற்று, 1925இல் முதல் வகுப்பிலே தேறினார் லால் பகதூர். அத்தேர்ச்சிக்குரிய பட்டமே சாஸ்திரி என்பது. குலத்தைச் சுட்டும் பெயரை முன்னமே நீக்கிவிட்டிருந்தாராதலின், பட்டம் அவ்விடத்தை நிரப்பிற்று. கற்றுத் தேறியபின், லாலா லஜபதிராய் நிறுவிய மக்கள் தொண்டர் சங்கத்தில் ஆயுட்கால உறுப்பினராகி, அதனின்று பெற்ற சிறு உதவிப்பணத்தைக் கொண்டே குடும்பம் நடத்தினார். 1928இல் லலிதா தேவியை மணந்தபோது சீதனமாக ஏற்றவை ஓர் இராட்டினமும் சில முழம் கதருமே. சீதனத்தின் பெயரால் வீடும் வயலும் எழுதுவித்துப் பழகிய நமக்கு இச்செய்தி சற்று உறுத்தலாம், உறுத்தட்டும்.

1930 முதல் 1946 வரையுள்ள காலத்தில் அவர் பலமுறை சிறை சென்றார். எல்லாவற்றையும் கூட்டினால் ஆண்டுக்கணக்காகும். ஒருமுறை அவர் சிறையிலிருக்கையில் மகள் நோயுற்று ஆபத்தான நிலையை அடைந்தாள். பதினைந்து நாள் வெளியிலிருக்க அனுமதி கிடைத்தது. ஆனால் குழந்தை பிழைக்கவில்லை. இறுதிக் கிரியைகள் முடிந்ததும், அனுமதித்த நாட்கள் எஞ்சியிருக்கவே சிறைக்கு மீண்டார். எக்காரணம் பற்றி விடுதலை அளிக்கப்பட்டதோ அக்காரணம் நீங்கியது. ஆதலால் வெளியே தங்கும் உரிமையும் நீங்கியது என்பது அவர் கொண்ட கணக்கு. இக்கணக்கை வாசகர் மனத்திற் கொள்வாராக. பின்னர் அரியலூரில் இதுவே மீண்டும் வருதலைக் காண்போம்.

மாகாண அரசாங்கத்தில் அவர் புகுந்தது 1946இல், ஐக்கிய மாகாணப் பிரதமர் கோவிந்த வல்லப பந்தின் பாராளுமன்றக் காரியதரிசியாக. அடுத்த ஆண்டு, ரபி அகமது கித்வாய் மத்திய மந்திரிசபைக்குச் சென்றமையால், பொலிஸும் போக்குவரத்தும் சாஸ்திரியாரின் கைக்கு வந்தன. தடியடிபட்டுச் சிறை சென்ற ஒருவர் தடியேந்திய படைக்கே தலைவராதல் விதியின் விளையாட்டுப்போலும். கூட்டங்களைக் கலைக்கத் தடிக்குப் பதிலாகத் தண்ணீரைப் பீச்சும் முறையைக் கையாளச் செய்தவர் அவரே. அரசாங்க பஸ் வண்டிகளிற் பெண்களை நடத்துநராக நியமித்ததும் அவர் காலத்திலேதான். பெரிய சட்டங்களை இயற்றிப் பெயர் பெறும் பதவி அதுவன்று. ஆயினும் அலுவல்களைத் தாமதமின்றிச் செய்பவர், குழு மனப்பான்மை இல்லாதவர் என்னும் பெயர் இலக்னோவிலிருந்து டில்லிக்கு எட்டியது. 1951இல் நேருஜீ அவரை அழைத்து அகில இந்திய காங்கிரஸின் பொதுக் காரியதரிசியாக்கினார். வயது வந்தோர் வாக்குரிமையின்மேல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் காங்கிரஸின் வேலைகளில் ஒரு பெரும்பங்கு அவர் தோளில் ஏறிற்று.

1952ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் மத்திய அரசாங்கத்தின் புகையிரத, போக்குவரத்து மந்திரியானார். மூன்றாம் வகுப்பிலே நெருக்குண்டு பயணஞ் செய்யும் ஏழைகளின் துன்பத்தைத் தம் அனுபவத்தால் அறிந்தவராதலின், அவ்வகுப்புப் பெட்டிகளுக்கு மின்விசிறி முதலிய வசதிகள் செய்வித்தார். பழைய முதலாம் வகுப்பு ஒழிக்கப்பட்டது. சென்னைப் பெரம்பூரில் பயணப்பெட்டி செய்யும் தொழிற்சாலை 1955இல் திறக்கப்பெற்றதும் அவர் மந்திரியாயிருந்த காலத்திலேயே. 

1956ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்தில் மகபூப்நகருக்கு அண்மையிற் பாலமொன்று உடைந்து புகையிரதம் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சாஸ்திரியார் பதவி விலக முன்வந்தார்; நேருஜீ இணங்கவில்லை. மூன்று திங்கள் கழியுமுன், நவம்பர் 23ஆம் நாள் அதிகாலை, சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு வண்டி அரியலூருக்கு அண்மையில் மருதையாற்றைக் கடக்கும்பொழுது, வெள்ளத்தால் வலுவிழந்திருந்த பாலம் இற்று, பெட்டிகள் ஆற்றினுட் சென்றன. இறந்தோர் நூற்று நாற்பதுக்கு மேல். இம்முறை அவர் விலகல் கடிதத்தைத் திரும்பப் பெற மறுத்தார். தவறு மந்திரியுடையதன்று என்பதைப் பாராளுமன்றத்தில் எடுத்துக் கூறிய பிரதமர், பொறுப்பாட்சியில் இஃதொரு முன்மாதிரியாதல் வேண்டும் என்னுங் கருத்தினால் அதனை ஏற்றுக்கொண்டார்.

ஆற்றில் வெள்ளம் வந்ததற்கு டில்லியிலிருந்த மந்திரி எவ்வாறு பொறுப்பாவார் என்று அன்றே கேட்டவர் உண்டு. வினா நியாயமானதே. ஆனால் முதல் விபத்துக்குப்பின் பாலங்களைக் காக்கும் கடமை எவருக்கு இருந்தது என்பது அதனினும் நியாயமான வினா. தம் பதவிக்குரிய காரணம் தளர்ந்துவிட்டது என அவர் உணர்ந்தார். பதவியும் உடன் நீங்கிற்று. அதற்குப்பின் எத்துணையோ விபத்துக்கள் எத்துணையோ நாடுகளில் நிகழ்ந்துள்ளன. ஒவ்வொரு முறையும் அரியலூரை எடுத்துக் காட்டுவோர் உளர். பின்பற்றினோரை விரல்விட்டு எண்ணலாம்.

1957 தேர்தலில் அலகாபாத் தொகுதியினின்று மக்களவைக்குத் தெரிவாகி, மீண்டும் மந்திரிசபையிற் சேர்ந்தார். போக்குவரத்து, பின்னர் வர்த்தகமும் கைத்தொழிலும் அவர் வசமாயின. 1961இல் பந்த் மறைந்தபின், தம் பழைய தலைவர் வகித்த உள்நாட்டு மந்திரி பதவியே அவருக்குக் கிடைத்தது. அதனை ஏற்ற சில வாரங்களில் அசாமில் மொழிக்கலகம் முற்றியது. அசாமிய மொழியையே அரச கரும மொழியாக்கிய சட்டத்தை எதிர்த்து, வங்காள மொழி பேசும் கச்சார்ப் பகுதியிற் கிளர்ச்சி நடந்தது. 1961 மே 19ஆம் நாள் சில்சார் புகையிரத நிலையத்திற் பதினொருவர் சுடப்பட்டு இறந்தனர். சாஸ்திரியார் நேரிற் சென்று இருதரத்தாரையுங் கண்டு ஓர் இணக்கத் திட்டம் வகுத்தார். அதன்வழி சட்டம் திருத்தப்பட்டுக் கச்சாரில் வங்காள மொழிக்கு இடம் கிடைத்தது. அரசாங்கத்தில் ஊழலைத் தடுக்கும் வழிகளை ஆராயச் சந்தானம் தலைமையிற் குழு அமைத்ததும் இப்பதவியிலிருந்தபோதே. 1963இல், மூத்த மந்திரிகள் பதவி துறந்து கட்சிப்பணிக்குத் திரும்புக என்று காமராசர் வகுத்த திட்டத்தின்படி விலகினார். நேருஜீ நோயுற்றதும், 1964 சனவரியில், இலாகா இல்லாத மந்திரியாக அழைக்கப்பட்டார். அந்நாட்களிற் காசுமீரத்திலே ஹஸ்ரத்பால் பள்ளிவாசலின் புனித உரோமம் காணாமற்போய் மீண்டதனால் எழுந்த ஐயத்தைத் தீர்க்கச் சென்றவரும் இவரே. அப்பனிக்காலத்திற் போதிய மேலங்கி இன்மையால் நேருவின் மேலங்கியை இரவல் வாங்கி அணிந்து சென்றார் என்பர்.

1964 மே 27ஆம் நாள் நேருஜீ மறைந்தார். அடுத்தவர் யார் என்பது உலகமே கேட்ட வினா. காங்கிரஸ் தலைவராயிருந்த காமராசர் உறுப்பினர் ஒவ்வொருவரின் கருத்தையும் தனித்தனி அறிந்து, பெரும்பான்மையோரின் விருப்பம் சாஸ்திரியாரே எனக் கண்டார். மொரார்ஜி தேசாய் ஒதுங்கி நின்றார். சூன் 9ஆம் நாள் சாஸ்திரியார் பிரதம மந்திரியாகப் பதவியேற்றார். உருவத்தாற் சிறியவர், குரலால் மெல்லியவர், ஆங்கில நாட்டுக் கல்வி பெறாதவர். இவரால் இயலுமோ என்று ஐயுற்றோர் பலர்.

இனி எம் நாட்டோடு அவர் பெயரைப் பிணைத்த செய்திக்கு வருவோம். இலங்கையில் 1948, 1949ஆம் ஆண்டுகளில் இயற்றப்பட்ட பிரஜாவுரிமை, தேர்தற் சட்டங்களினால் மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவழித் தமிழரிற் பெரும்பாலோர் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்தனர். நேருஜீ இப்பிரச்சினையைப் பற்றிப் பல ஆண்டுகள் பேசினார். 1954இல் சேர் யோன் கொத்தலாவலையோடு உடன்படிக்கையும் செய்தார். ஆயினும் ஒரு நிலையினின்று அவர் பெயரவில்லை. இலங்கையிற் பிறந்து வளர்ந்தோர் இந்தியக் குடிகளாக விரும்பிப் பதிந்தாலன்றி அவர்கள் இந்தியாவின் பொறுப்பாகார் என்பதே அந்நிலை. சாஸ்திரியார் அண்டை நாடுகளோடுள்ள பிணக்குகளைத் தீர்த்துவிட வேண்டுமென்னும் ஆர்வமுடையவராயிருந்தார். சீனப் போரின் தழும்பு ஆறாத காலம் அது. 1964 ஒக்டோபரில் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்க டில்லி சென்றபோது, ஏறத்தாழ ஒரு வாரப் பேச்சின் முடிவில், 30ஆம் நாள் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் பதினைந்து ஆண்டுக் காலத்துக்குட் குடிகளாக ஏற்பது; எஞ்சிய 150,000 பேரின் கதியைப் பின்னர்த் தீர்மானிப்பது. இதுவே சாரம்.

இரு அரசாங்கங்களும் மகிழ்ந்தன. மகிழ்ச்சியோ துயரோ கொள்ளவேண்டிய மக்களை எவருங் கேட்கவில்லை. தொழிலாளரின் தலைவர் தொண்டமான் அவர்களும், தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் அவர்களும் ஒப்பந்தத்தைக் கண்டித்தனர். விண்ணப்பங் கோரப்பட்டபொழுது இந்தியாவுக்குச் செல்ல விரும்பியோர் தொகை 525,000ஐ எட்டவில்லை. இலங்கைக் குடியுரிமை கேட்டோரோ 300,000ஐப் பெரிதுங் கடந்தனர். எண்ணை முதலில் எழுதிவிட்டு மனிதரை அதற்கு ஒப்பச் செய்ய முயன்றமையின் விளைவு அது. ஒரு வீட்டில் தந்தைக்கு இந்தியா, மகனுக்கு இலங்கை என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு. மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வழங்கிற்று. கடல் கடந்தோருட் சிலருக்கு நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. பலருக்குத் தாம் ஒருபோதுங் கண்டிராத தாய்நாட்டிற் புதிதாகத் தொடங்கும் வாழ்வே கிடைத்தது. விடுபட்ட 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. 1984இற் கப்பற் போக்குவரத்தே நின்றது. இங்கேயே எஞ்சிய நாடற்றோரின் குறை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், பின்னர் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலுமே நீங்கிற்று. அரியலூரில் மாண்ட நூற்று நாற்பது பேருக்காகப் பதவியைத் துறந்த அதே உள்ளம், கையெழுத்தொன்றினால் ஐந்து இலட்சம் பேரின் வாழ்வை மாற்றுகையில் அவர்தம் விருப்பத்தை முதலில் வினவியிருத்தல் வேண்டும் என்று யாம் எதிர்பார்ப்பது மிகையாகாது. அவரைப் போற்றுவோர் எழுதிய வரலாறுகள் பலவற்றில் இவ்வொப்பந்தத்துக்கு ஒரு வரிக்குமேல் இடம் இல்லை. எம்மால் அவ்வாறு கடந்துசெல்ல இயலவில்லை.

மொழிப் பிரச்சினையிலும் அவர் தமிழரோடு எதிர்ப்பட்டார். அரசியலமைப்பின்படி 1965 சனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழியாதல் வேண்டும். ஆங்கிலமும் தொடரலாம் என்று 1963இற் சட்டம் செய்தவர் உள்நாட்டு மந்திரியாயிருந்த சாஸ்திரியாரே. தொடரலாம் என்பது தொடரும் என்பதாகாதே என்று அன்றே அண்ணாதுரை அவர்கள் மாநிலங்களவையில் வாதித்தார். குறித்த நாள் வந்ததும் சென்னை மாநிலம் கொதித்தெழுந்தது. மாணவர் வீதிக்கு வந்தனர். சிலர் தம்முடலுக்குத் தாமே தீ மூட்டினர். துப்பாக்கிச் சூட்டிற் பலர் மாண்டனர். பெப்ரவரி 11ஆம் நாள் மத்திய மந்திரிகளான சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் கடிதங் கொடுத்தனர். அவற்றை ஏற்கும்படி பிரதமர் அனுப்ப, குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் இணங்காது மறுபடி எண்ணச் சொன்னார் என்பர். அன்றிரவே சாஸ்திரியார் வானொலியிற் பேசி, இந்தி பேசாத மக்கள் விரும்புங்காறும் ஆங்கிலம் நிலைக்கும் என்ற நேருவின் உறுதியைத் தாமும் காப்பதாக அறிவித்தார். அவ்வுறுதி சட்டமானது அவர் மறைந்தபின், 1967இல். பிந்தியேனும் செவிசாய்த்தார் என்று கூறுவதே நீதி.

உணவுப் பஞ்சம் அவரை விடாது தொடர்ந்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்தே நாடு உண்ட காலம். சுப்பிரமணியத்தை உணவு மந்திரியாக்கி அவர் செய்வனவற்றுக்குத் துணைநின்றமை சாஸ்திரியாரின் சிறந்த செயல்களுள் ஒன்று. 1965இல் உணவுக் கூட்டுத்தாபனமும் விவசாய விலைக் குழுவும் தோன்றின. மெக்சிகோவிலிருந்து குட்டைக் கோதுமை விதை அவ்வாண்டு 250 தொன், அடுத்த ஆண்டு 18,000 தொன் வந்தது. பசுமைப் புரட்சி என்று பின்னர் புகழ்பெற்றது அவ்விதையிலிருந்தே முளைத்தது. விளைவைக் காண அவர் இல்லை. 1964இல் குசராத்தின் ஆனந்த் பால் கூட்டுறவைக் காணச் சென்று கிராமமொன்றில் ஓரிரவு தங்கி மக்களோடு உரையாடி வந்ததன் பயனாகத் தேசியப் பாற்பண்ணைச் சபை அமைந்தது. திங்கட்கிழமை இரவுணவைத் துறக்குமாறு நாட்டை வேண்டியதற்குமுன், தம் வீட்டார் பட்டினியைத் தாங்குவரோ என்று ஒருமுறை சோதித்தறிந்தார்.

1965 செப்தெம்பரிற் பாகிஸ்தானோடு மூண்ட போரில், மென்மையானவர் என்று எண்ணப்பட்ட அவரே பஞ்சாப் எல்லையைக் கடந்து முன்னேறப் படைக்கு ஆணை கொடுத்தார். உழவனையும் போர்வீரனையும் ஒருங்கே வாழ்த்திய அவர் முழக்கம் நாடெங்கும் பரவிற்று. செப்தெம்பர் 23இற் போர் நின்றது. சோவியத் பிரதமர் கொசிகின் நடுநிற்க, 1966 சனவரி 10ஆம் நாள் தாஷ்கந்து நகரில் அயூப்கானோடு உடன்பாடு செய்தார். இருபடைகளும் ஆகஸ்டு 5ஆம் நாளைய நிலைக்குத் திரும்புவதென்பது அதன் முக்கிய விதி. வீரர் உயிர் கொடுத்துப் பெற்ற ஹாஜிபீர் கணவாயும் அதனாற் கைவிடப்பட்டது. ஊரிலே எதிர்ப்பு எழும் என்பதை அறிந்தே ஒப்பமிட்டார். அன்றிரவு நள்ளிரவு கடந்து, 11ஆம் நாள் பிறந்தபின், மாரடைப்பினால் உயிர் பிரிந்தது. அயல்நாட்டில் எதிர்பாராது நேர்ந்த மரணமாதலாலும், சவப் பரிசோதனை நடத்தப்படாமையாலும், அதுபற்றிய ஐயங்கள் இந்தியாவிற் பின்னரும் ஓயவில்லை. அவர் பிரதமராயிருந்தது பத்தொன்பது மாதமே. அவ்வாண்டே பாரதரத்தினம் என்னும் விருது மறைந்தவருக்கு அளிக்கப்பெற்றது.

அவர் விட்டுச்சென்ற உடைமைகளுள் ஒரு பியற் மோட்டார் வண்டி இருந்தது. பிரதமரானபின் பிள்ளைகளின் வற்புறுத்தலால் வாங்கியது. விலையிற் குறைந்த ஐயாயிரம் ரூபாவைப் பஞ்சாப் நஷனல் வங்கியிற் கடனாகப் பெற்றிருந்தார். அக்கடன் தீருமுன் அவர் மறைந்தார். லலிதா தேவியார் தமக்குக் கிடைத்த உபகாரச் சம்பளத்திலிருந்து அதனைச் செலுத்தித் தீர்த்தார்.